ஸ்கேன் எலும்பிலிருந்து அசையும் முழங்கால்: எந்தக் கோளாறுக்கு எங்கே தேடுவது

முழங்கால் சிடி ஸ்கேனிலிருந்து எலும்புகளைப் பிரித்தெடுத்து, மெஷ் (சிறு முக்கோணங்களால் ஆன மேற்பரப்பு) ஆக்கி, ஓபன்சிம் என்ற உடல் அசைவு மென்பொருளில் மூட்டுப் போட்டு மடக்கிப் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வேலையில் கோளாறு கண்ணில் படுவது பெரும்பாலும் கடைசி மென்பொருளில்தான், ஆனால் அது பிறந்த இடம் இரண்டு மூன்று படி முன்னால் இருக்கும். டிபியா (முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு) கோணலாகத் தெரிகிறதே என்று ஓபன்சிம்முக்குள்ளேயே எண்களைத் தட்டித் தட்டி நேராக்கப் பார்ப்பார்கள், நானும் முதல் மாதிரியில் அதைத்தான் செய்தேன். நேராக நிற்கும்போது எல்லாம் அழகாக இருக்கும், 60 டிகிரி மடக்கினால் வேறோர் இடத்தில் பிதுங்கிவிடும். அதனால் அறிகுறியைச் சொல்லி, அதற்கு எந்தப் படிக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று வரிசையாகப் பார்ப்போம்.

நான் எலும்பு பிரிக்க 3டி ஸ்லைசர், மெஷ்ஷைச் சுத்தம் செய்ய மெஷ்லேப், எப்போதாவது பிளெண்டர், அசைவுக்கு ஓபன்சிம் வைத்திருக்கிறேன். நான்குமே இலவசம். கையில் ஸ்கேன் இல்லாதவர்கள் அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1994-இல் வெளியிட்ட விசிபிள் ஹியூமன் ஆண் உடல் தரவை வைத்துப் பழகலாம்.

தொடங்குவதற்கு முன் ஒரே ஒரு வேலை. ஸ்கேனை முதன்முதலில் திறந்ததும், தொடை எலும்பின் அடிப்பகுதியில் உள் மேடுக்கும் வெளி மேடுக்கும் இடையே உள்ள அகலத்தை ஸ்லைஸ் (ஸ்கேனின் ஒரு குறுக்குவெட்டுப் படம்) மீதே அளந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெரியவர்களுக்குச் சுமார் 80 மி.மீ வரும். அடுத்து வரும் ஒவ்வொரு படி முடிந்ததும் அதே அகலத்தை மறுபடி அளக்க வேண்டும். கீழே சொல்லப்போகிற கோளாறுகளில் பாதியை இந்த ஒரு எண்ணே காட்டிக் கொடுத்துவிடும்.

எலும்பு நசுங்கியோ இழுத்துவிட்ட மாதிரியோ தெரிகிறது

ஸ்லைஸ்களுக்கு இடையேயான தூரம் தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது. ஸ்லைஸின் தடிமன் வேறு, ஒரு ஸ்லைஸுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி வேறு. தடிமன் 1.25 மி.மீ, இடைவெளி 0.625 மி.மீ என்று ஒன்றன் மேல் ஒன்று பாதி ஏறி நிற்கிற மாதிரிதான் பல ஸ்கேன்கள் வரும். தடிமனை இடைவெளி என்று எடுத்துக்கொண்டால் எலும்பு இரு மடங்கு நீண்டுவிடும். ஒவ்வொரு டைகாம் ஃபைலிலும் (மருத்துவ ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் ஃபைல் வகை) அந்த ஸ்லைஸ் எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்ற ஆயப் புள்ளி இருக்கும், அடுத்தடுத்த இரண்டு ஃபைல்களைக் கழித்துப் பாருங்கள், உண்மையான இடைவெளி கிடைத்துவிடும். நடுவில் ஓரிரு ஃபைல் விடுபட்டிருந்தாலும் அந்தக் கழித்தலிலேயே தெரிந்துவிடும்.

எல்லா எலும்பிலும் ஒரே மட்டத்தில் ஒரு வெட்டு விழுந்து, மேல் பாதி ஒரு பக்கமும் கீழ்ப் பாதி இன்னொரு பக்கமும் நகர்ந்திருந்தால், படுத்திருந்தவர் ஸ்கேன் நடுவில் அசைந்திருக்கிறார். தோலின் கோட்டைப் பாருங்கள், அதே மட்டத்தில் தோலிலும் அந்த வெட்டு இருக்கும். இதை மெஷ்ஷில் ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியாது. அந்த ஸ்கேனை மூட்டு மாதிரிக்கு எடுக்காமல் விடுவதுதான் நேர்மை.

இன்னொன்று, ஸ்கேன் மையத்தில் கொடுத்த குறுந்தகட்டில் இருப்பது டைகாமா, வெறும் ஜேபெக் படங்களா என்று முதலிலேயே பாருங்கள். எனக்கு ஒருமுறை ஒரு மையத்திலிருந்து 5 மி.மீ தடிமனில்தான் ஸ்லைஸ் தொடர் வந்தது. மருத்துவர் பார்த்து அறிக்கை எழுத அது போதும், மூட்டின் மேற்பரப்பு எடுக்கப் போதாது. திரும்பிப் போய்க் கேட்டபோது மெல்லிய ஸ்லைஸ்களை அழித்துவிட்டார்கள். அதனால் ஸ்கேன் எடுக்கும் அன்றைக்கே மெல்லிய தொடர் வேண்டும் என்று சொல்லி வாங்கிவிடுங்கள். வாங்கியதும் ஃபைலுக்குள் இருக்கும் பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். அது ஒரு மனிதரின் உடம்பு.

ஃபீமரும் (தொடை எலும்பு) டிபியாவும் ஒட்டி ஒரே கட்டியாக வருகிறது

சிடியில் ஒவ்வொரு புள்ளிக்கும் அடர்த்தியைக் காட்டும் ஒரு ஹவுன்ஸ்ஃபீல்டு எண் உண்டு. காற்றுக்கு மைனஸ் 1000, தண்ணீருக்கு 0. எலும்பின் கெட்டியான ஓடு பல நூறிலிருந்து ஆயிரத்துக்கு மேலேயும் போகும், ஆனால் மூட்டுக்கு அருகில் அந்த ஓடு மெலிந்து, உள்ளே இருக்கும் பஞ்சு எலும்பு 100, 200 என்று தாழ்ந்து நிற்கும். அதனால் ஒரே த்ரெஷோல்டில் (இந்த எண்ணுக்கு மேலே இருப்பதெல்லாம் எலும்பு என்ற வரம்பில்) முழு எலும்பையும் பிடிக்கப் பார்த்தால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். எண்ணைக் குறைத்தால் இரண்டு எலும்பும் ஒட்டும், கூட்டினால் மூட்டுப் பக்கம் ஓட்டை விழும்.

நான் செய்வது இதுதான். 200-லிருந்து 250-க்குள் ஏதாவது ஓர் எண்ணில் த்ரெஷோல்ட் வைத்து அதை எல்லையாக மட்டும் எடுத்துக்கொள்வேன். அதற்குள் ஃபீமருக்கு ஒரு நிறம், டிபியாவுக்கு ஒன்று, பட்டெல்லாவுக்கு (முழங்கால் சில்லு) ஒன்று, ஃபிபுலாவுக்கு (டிபியாவுக்கு வெளிப்பக்கம் இருக்கும் மெல்லிய எலும்பு) ஒன்று என்று ஐந்தாறு ஸ்லைஸில் கையால் விதை மாதிரி தீற்றிவிட்டு, 3டி ஸ்லைசரில் இருக்கும் க்ரோ ஃப்ரம் சீட்ஸ் வசதியைக் கொண்டு வளர்ப்பேன். ஒட்டிக்கொண்ட இடத்தில் இரண்டு நிறமும் ஒன்றையொன்று தள்ளி நடுவில் ஒரு கோடு போட்டுக்கொள்ளும். பிறகு அந்த ஒட்டின இடத்தை மட்டும் ஸ்லைஸ் ஸ்லைஸாகக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். ஒரு முழங்காலுக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, மூட்டு அசையப்போவதே அந்த மேற்பரப்பின் மேல்தான்.

எலும்பின் ஓரத்தில் ரோமம் மாதிரி சிலும்பல் வந்தால், எலும்புக்கென்று கூர்மையாக்கப்பட்ட தொடரை எடுத்திருப்பீர்கள். கண்ணுக்கு அது தெளிவாகத் தெரியும், ஆனால் இரைச்சலும் அதிகம். அதே ஸ்கேனின் மென்மையான தொடர் இருந்தால் அதில் பிரித்தெடுங்கள்.

படிக்கட்டு மாதிரி இருக்கிறது, வழவழப்பாக்கினால் சுருங்குகிறது

படிக்கட்டு ஸ்லைஸ் இடைவெளியால் வருவது. அதைப் போக்க எல்லோரும் முதலில் தொடுவது லாப்லாசியன் ஸ்மூத்திங். அது ஒவ்வொரு புள்ளியையும் பக்கத்துப் புள்ளிகளின் சராசரிக்கு இழுக்கும், இழுக்க இழுக்க மேடெல்லாம் உள்ளே போகும். இருபது முப்பது முறை ஓடவிட்டால் கண்டைல்களின் (தொடை எலும்பின் அடியில் இருக்கும் இரண்டு உருண்டை முனைகளின்) ஆரம் குறைந்துவிடும், அகலம் 80 என்று எழுதிவைத்தது 78 ஆகியிருக்கும். பிறகு முழங்காலை மடக்கும்போது இரண்டு எலும்புக்கும் நடுவில் காரணமே தெரியாத இடைவெளி ஒன்று நிற்கும்.

மெஷ்லேப்பில் டௌபின் ஸ்மூத் என்று இருக்கிறது. அது ஒரு முறை உள்ளே இழுத்து, அடுத்த முறை வெளியே தள்ளும், அதனால் சுருக்கம் மிகக் குறைவு. அதைப் போட்டுவிட்டு அகலத்தை அளந்து பாருங்கள், அரை மி.மீக்கு மேல் மாறியிருந்தால் அளவுக்கு மீறிப் போட்டிருக்கிறீர்கள். முக்கோணங்களைக் குறைக்கிற வேலையை இதற்குப் பிறகு செய்யுங்கள். வெறுமனே திரையில் காட்ட ஓர் எலும்புக்கு 20,000 முக்கோணம் தாராளம்.

எலும்பு சில இடங்களில் கறுப்பாகத் தெரிந்தால் அங்கே முக்கோணங்கள் உள்பக்கம் பார்த்துத் திரும்பி நிற்கின்றன. மெஷ்லேப்பில் எல்லா முகங்களையும் ஒரே திசைக்குத் திருப்பும் கட்டளை இருக்கிறது, ஒரு நிமிட வேலை.

ஓபன்சிம்மில் எலும்பே தெரியவில்லை

முதலில் செய்திப் பெட்டியைப் பாருங்கள். ஃபைல் கிடைக்கவில்லை என்று இருந்தால் மெஷ்ஷை மாதிரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஜியோமெட்ரி ஃபோல்டரில் போட்டால் தீர்ந்தது.

ஃபைல் கிடைத்தும் தெரியவில்லை, அல்லது திரை முழுக்கச் சாம்பல் நிறச் சுவர் மாதிரி ஏதோ நிற்கிறது என்றால் அது அலகுக் கோளாறு. மெஷ்ஷைச் சேமிக்கும் எஸ்டிஎல் ஃபைலுக்குள் அலகு என்று எதுவுமே கிடையாது, வெறும் எண்கள்தான். சிடியிலிருந்து வருவது மி.மீ, ஓபன்சிம் எதிர்பார்ப்பது மீட்டர். 430 மி.மீ தொடை எலும்பு 430 மீட்டராகி, கேமரா எலும்புக்குள்ளே நின்றுகொண்டிருக்கும். மாதிரி ஃபைலில் அளவுக் காரணியை 0.001 என்று போட்டாலும் தெரியும், ஆனால் அதே மெஷ்ஷை நாளைக்கு வேறு நிரலில் திறக்கும்போது மறுபடி குழப்பம் வரும். மெஷ்ஷையே மீட்டருக்கு மாற்றிச் சேமித்து, ஃபைல் பெயரிலும் மீட்டர் என்று எழுதி வைப்பது என் வழக்கம்.

எலும்பு படுத்துக் கிடக்கிறது, அல்லது இடது கால் வலது காலாகிவிட்டது

இரண்டும் வெவ்வேறு கோளாறுகள், ஒன்று சாதாரணமானது, மற்றது ஆபத்தானது.

படுத்துக் கிடப்பது அச்சுப் பெயர் மாறியதால். ஓபன்சிம்மில் எக்ஸ் முன்னால், ஒய் மேலே, இசட் வலப் பக்கம். சர்வதேச பயோமெக்கானிக்ஸ் சங்கத்தின் பரிந்துரையும் இதேதான். சிடியில் இசட்தான் தலைப் பக்கம் போகும். பிளெண்டரிலும் இசட் மேலே, ஏற்றுமதி செய்யும்போது அது உங்களைக் கேட்காமலே 90 டிகிரி திருப்பிவிடவும் கூடும். திருப்பம் எவ்வளவு என்று தெரிந்தால் சரிசெய்துகொள்ளலாம், எலும்பின் வடிவத்துக்கு ஒன்றும் ஆகாது.

கால் மாறிப்போவது அப்படியல்ல. டைகாம் இடப் பக்கம், பின் பக்கம், மேல் பக்கம் மூன்றையும் பிளஸ் என்று எண்ணும், 3டி ஸ்லைசர் உள்ளுக்குள் வலப் பக்கம், முன் பக்கம், மேல் பக்கம் மூன்றையும் பிளஸ் என்று எண்ணும். இந்த இரண்டுக்கும் நடுவில் இரண்டு அச்சுகளின் குறி மாறுகிறது, இரண்டும் சேர்ந்து மாறினால் அது வெறும் 180 டிகிரி திருப்பம்தான். யாராவது ஒரு அச்சின் குறியை மட்டும் மாற்றினால் கண்ணாடிப் பிம்பமாகிவிடும். நேராக நிற்கிறதே என்று அவசரத்தில் மைனஸ் போட்டுவிடுகிறோம், அங்கேதான் இது நுழைகிறது. பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிப்பது கஷ்டம், இடது முழங்காலும் வலது முழங்காலும் அவ்வளவு ஒன்றுபோல இருக்கும். ஒரு சோதனை சொல்கிறேன். முழங்காலை முன்பக்கமிருந்து, பட்டெல்லா உங்களைப் பார்க்கிற மாதிரி வையுங்கள். வலது கால் என்றால் ஃபிபுலா உங்கள் இடக் கைப் பக்கம் இருக்க வேண்டும். மாறி இருந்தால் பிம்பம். அறுவை சிகிச்சைத் திட்டத்துக்கு யாருக்காவது மாதிரி செய்கிறீர்கள் என்றால் இந்தச் சோதனையை ஒவ்வொரு ஏற்றுமதிக்குப் பிறகும் செய்யுங்கள், ஒரு தடவைகூட விடாதீர்கள்.

மடக்கினால் டிபியா ஊசல் மாதிரி எங்கோ போகிறது

டிபியாவின் மெஷ் இன்னும் ஸ்கேனரின் ஆயத்தில் (இடங்களை அளக்கும் அச்சு அமைப்பில்) இருக்கிறது, மூட்டு அந்த ஆயத்தின் பூஜ்யப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறது. பூஜ்யம் ஸ்கேனர் மேஜையில் எங்கோ இருக்கும். 300 மி.மீ தள்ளியிருந்தால் 90 டிகிரி மடக்கும்போது டிபியாவின் தலை 424 மி.மீ நகர்ந்துபோய் நிற்கும்.

இது பெரிதாக இருக்கும்போது எல்லோரும் கண்டுபிடித்துவிடுகிறோம். மையம் வெறும் 5 மி.மீ தள்ளியிருந்தால்? 90 டிகிரியில் 7 மி.மீ. டிபியா மெதுவாகத் தொடை எலும்புக்குள் புதையும், அல்லது விலகும். மேற்பரப்பு சரியில்லை என்று மெஷ்ஷைச் செதுக்கப் போய்விடுவோம். செதுக்காதீர்கள், மையத்தைப் பாருங்கள்.

வழி என்னவென்றால், ஒவ்வொரு எலும்புக்கும் அதன் மேலேயே இருக்கும் அடையாளங்களை வைத்து ஓர் ஆயம் கட்ட வேண்டும். ஃபீமருக்கு, இடுப்பில் பொருந்தும் அதன் உருண்டைத் தலையின் மேற்பரப்பில் ஒரு கோளத்தைப் பொருத்தி அதன் மையத்தை இடுப்பு மையமாக எடுங்கள். பொருத்திய கோளத்தின் விட்டம் 40-லிருந்து 52 மி.மீக்குள் வருகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் கழுத்துப் பகுதியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். இரண்டு மேடுகளின் நடுப்புள்ளி முழங்கால் மையம், அங்கிருந்து இடுப்பு மையத்துக்குப் போகும் கோடு ஒய். டிபியாவுக்கு மேல்தளத்தின் நடுவும், கணுக்காலின் இரண்டு மேடுகளின் நடுவும். முழங்காலை மட்டும் ஸ்கேன் செய்திருந்தால் இந்த நீள அச்சு கிடைக்காது, அதனால் இடுப்பையும் கணுக்காலையும் ஒரு சிறு துண்டாவது சேர்த்து எடுக்கச் சொல்ல வேண்டும், மூன்று துண்டும் ஒரே படுக்கையில், கால் அசையாமல்.

மெஷ்களை எல்லாம் ஸ்கேன் ஆயத்திலேயே விட்டுவிட்டு, ஒவ்வோர் எலும்பின் மாற்றத்தையும் ஒரு நாலுக்கு நாலு மேட்ரிக்ஸாகத் தனி ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கையால் நகர்த்திச் சேமித்த மெஷ் திரும்பிப்போக வழியில்லாத மெஷ்.

இதோடு சேர்ந்த சின்ன அறிகுறி ஒன்று: கோணம் பூஜ்யம் என்று போட்டாலும் முழங்கால் லேசாக மடங்கியே நிற்கிறது. ஸ்கேன் எடுக்கும்போது முழங்காலுக்குக் கீழே ஒரு சிறு தலையணை வைத்திருப்பார்கள், கால் ஐந்தாறு டிகிரி மடங்கி இருந்திருக்கும், நீங்கள் அந்த நிலையையே பூஜ்யமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எலும்பு ஆயங்களிலிருந்து கோணத்தைக் கணக்கிட்டு அதுதான் ஸ்கேன் நிலை என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மடக்க மடக்கக் கால் பக்கவாட்டில் சாய்கிறது

இதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும், காரணம் இது பிழை மாதிரியே தெரியாது. முழங்காலை நேராக வைத்தால் எல்லாம் சரி. 30 டிகிரியில் கால் கொஞ்சம் உள்ளே சாய்கிறது, 60-இல் இன்னும் கொஞ்சம். வரைபடம் போட்டால் வளைவு அவ்வளவு வழவழப்பாக இருக்கும், இவருடைய முழங்கால் இப்படித்தான் போல என்று நம்பிவிடுவோம். அதை வைத்துக்கொண்டு இவருக்கு முழங்கால் உள்ளே வளைகிறது என்று எழுதிவிடவும் செய்வோம். அந்த மனிதருக்கு அப்படி ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம்.

முழங்காலின் மூன்று சுழற்சிகளை எப்படிப் பிரிப்பது என்று குரூட், சன்டே இருவரும் 1983-இல் கொடுத்த முறையைத்தான் இன்றைக்கும் பயன்படுத்துகிறோம். மடக்கும் அச்சு ஃபீமரோடு ஒட்டியது, உள்-வெளித் திருப்பத்தின் அச்சு டிபியாவின் நீளத்தோடு ஒட்டியது, பக்கவாட்டுச் சாய்வின் அச்சு இந்த இரண்டுக்கும் செங்குத்தாக மிதப்பது. இதில் மடக்கும் அச்சை நீங்கள் சற்றுத் திருகி வைத்துவிட்டால், சுத்தமான மடக்கலில் ஒரு பங்கு சாய்வின் கணக்கில் ஏறிவிடும். எவ்வளவு ஏறும் என்பதும் கணக்கில் வரும். எலும்பின் நீள அச்சைச் சுற்றி அச்சு எத்தனை டிகிரி திருகியிருக்கிறதோ, அதை மடக்கும் கோணத்தின் சைனால் பெருக்க வேண்டும். 5 டிகிரி திருகல் என்றால் 60 டிகிரி மடக்கலில் 4.3 டிகிரி பொய்ச் சாய்வு, 90-இல் முழு 5 டிகிரி. கூடவே பொய்த் திருப்பமும் சேரும், அது 60-இல் 2.5 டிகிரி.

5 டிகிரி தவறு செய்ய ரொம்பக் கவனக்குறைவு தேவையில்லை. அகலம் 80 மி.மீ என்று வைத்தோம் அல்லவா, ஒரு முனையில் புள்ளியை 5 மி.மீ முன்னே வைத்தாலே 3.6 டிகிரி போய்விடும். உள்பக்க மேட்டை மெஷ்ஷில் அருகே கொண்டுவந்து பாருங்கள். அது ஊசிமுனை இல்லை, ஒரு பிறை மாதிரி வளைந்த மேடு, அதற்கு நடுவே ஒரு சிறு பள்ளம். சிலர் மேட்டின் உச்சியில் புள்ளி வைப்பார்கள், அறுவை சிகிச்சை செய்கிறவர்கள் பள்ளத்தில் வைப்பார்கள், இரண்டும் வெவ்வேறு அச்சு. இரண்டு கண்டைல்களின் பின்விளிம்பைத் தொடும் கோட்டை எடுத்தால் அது மூன்றாவது அச்சு, பள்ளத்து அச்சிலிருந்து பொதுவாக 3 டிகிரி அளவு உள்பக்கம் திரும்பி இருக்கும். மூன்றில் எதை எடுத்தீர்கள் என்று எழுதிவைக்காமல் இன்னொருவரின் வரைபடத்தோடு உங்களுடையதை ஒப்பிடவே கூடாது.

கண்டுபிடிக்கும் வழி: சாய்வின் வளைவையும் மடக்கலின் வளைவையும் ஒரே தாளில் போடுங்கள். மடக்கல் ஏறும்போதெல்லாம் சாய்வும் ஏறி, இறங்கும்போதெல்லாம் அதே வேகத்தில் இறங்கினால் அச்சைச் சந்தேகியுங்கள். உண்மையான முழங்கால் இவ்வளவு சொன்னபடி கேட்காது.

தீர்வு, புள்ளி குத்துவதை நம்பாமல் மேற்பரப்பை நம்புவது. உள், வெளி கண்டைல்களின் பின்பகுதியை மட்டும், அதாவது சுமார் 20-லிருந்து 120 டிகிரி வரை மடக்கும்போது டிபியாவைத் தொடும் பகுதியை மட்டும், மெஷ்லேப்பில் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கோளத்தைப் பொருத்துங்கள். ஆரம் 20 மி.மீக்குச் சற்று மேலே வரும். இரண்டு மையங்களையும் சேர்க்கும் கோடுதான் மடக்கும் அச்சு. முன்பகுதியைச் சேர்த்துவிட்டால் ஆரம் திடீரென்று பெரிதாகிவிடும், அங்கே வளைவு வேறு. நூற்றுக்கணக்கான புள்ளிகளின் சராசரி என்பதால் கை நடுங்கினாலும் இந்த அச்சு அவ்வளவாக அசையாது. நான் ஒரே எலும்பில் மூன்று நாள் மூன்று தடவை, முன்பு எடுத்ததைப் பார்க்காமல், திரும்ப எடுத்துப் பார்ப்பேன். மூன்றும் ஒரு டிகிரிக்குள் வந்தால்தான் அடுத்த படி.

எலும்புகளுக்கு நடுவில் இடைவெளி, அல்லது ஒன்றுக்குள் ஒன்று புகுகிறது

சீரான இடைவெளி ஒரு சில மி.மீ இருந்தால் அது பிழையே இல்லை. குருத்தெலும்பு சிடியில் தெரியாது. ஃபீமரின் மேல் ஒரு படலம், டிபியாவின் மேல் ஒரு படலம், இரண்டும் சேர்ந்து 4, 5 மி.மீ அளவுக்கு வரும். அதை மூடுகிறேன் என்று டிபியாவை மேலே தள்ளுகிறவர்கள் காலின் நீளத்தையும் தசையின் நீளத்தையும் சேர்த்தே மாற்றிவிடுகிறார்கள். குருத்தெலும்பு வேண்டும் என்றால் எம்ஆர்ஐ எடுத்து எலும்பின் மேல் பொருத்த வேண்டும்.

மையமும் அச்சும் சரியாக இருந்தும், நன்றாக மடக்கும்போது மட்டும் எலும்பு புகுந்தால், உங்கள் மூட்டு கதவுக் கீல் மாதிரி ஒரே அச்சில் சுழல்கிறது. முழங்கால் கீல் அல்ல. மடக்கும்போது வெளிப்பக்கக் கண்டைல் டிபியாவின் மேல் பின்னோக்கி நகரும். நேராக்கும் கடைசி 20 டிகிரி சுமாரில் டிபியா வெளிப்பக்கம் திரும்பிப் பூட்டிக்கொள்ளும். ஓபன்சிம்மில் கஸ்டம் ஜாயின்ட் போட்டு, மடக்கும் கோணத்தைப் பொறுத்து நகர்வும் திருப்பமும் மாறுகிற மாதிரி வளைவுகள் கொடுக்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கெயிட் 2392 என்ற பழைய மாதிரியில் யமகுச்சி, சஜாக் இருவரின் 1989 முழங்காலை அடிப்படையாகக் கொண்ட வளைவுகள் இருக்கின்றன, அவற்றை அப்படியே நகல் எடுத்து ஒட்டிவிடுவார்கள். ஒட்டியதும் டிபியா 40 செ.மீ கீழே போய் நிற்கும். அந்த மாதிரியில் ஃபீமரின் பூஜ்யம் இடுப்பு மூட்டில் இருக்கிறது, அதனால் நகர்வு எண்கள் மைனஸ் 0.4 மீட்டர் அருகிலிருந்து தொடங்குகின்றன. உங்கள் பூஜ்யம் முழங்காலில். வளைவின் மாற்றத்தை மட்டும் எடுங்கள், தொடக்க மதிப்பை விட்டுவிடுங்கள்.

90 என்று போட்டால் 117-இல் நிற்கிறது

இது ரேடியன். ஓபன்சிம்மின் திரையில் டிகிரி தெரியும், ஃபைலுக்குள் ரேடியன்தான். 90 ரேடியன் என்றால் பதினான்கு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு ஏறக்குறைய 117 டிகிரியில் வந்து நிற்கும். 1.571 என்று எழுதுங்கள். அசைவு ஃபைலின் தலைப்பில் டிகிரியா இல்லையா என்று ஒரு வரி இருக்கும், அது தவறாக இருந்தாலும் கால் காற்றாடியாகச் சுற்றும்.

கால் முன்பக்கமாக மடங்கினால் குறி மாறியிருக்கிறது. கெயிட் 2392-இல் மடக்கல் மைனஸ், 2016-இல் வந்த ராஜகோபால் மாதிரியில் பிளஸ். ஒன்றின் அசைவை மற்றதில் போட்டால் இதுதான் நடக்கும்.

தசை எலும்புக்குள் புகுந்து போகிறது, மொமென்ட் ஆர்ம் குதிக்கிறது

தசையின் பாதை இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்க்கோடு, எலும்பு இருப்பது அதற்குத் தெரியாது. அதனால் சிலிண்டரோ கோளமோ வைத்து அதன் மேல் சுற்றிப் போகச் செய்கிறோம். தசை ஒட்டும் புள்ளி அந்தச் சிலிண்டருக்கு உள்ளே மாட்டிக்கொண்டால் பாதை தடுமாறும். இன்னொரு வகை, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் தசை திடீரென்று சிலிண்டரின் மறுபக்கம் தாவிவிடும். ஆரத்தை ஒரு மி.மீ குறைத்துப் பார்ப்பது, எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று கட்டுப்படுத்துவது, இந்த இரண்டில் ஒன்றில் தீரும்.

எண் நம்பத்தக்கதா என்று பார்க்க எளிய கணக்கு உண்டு. முழங்காலை நீட்டும் தசைகளுக்கு மொமென்ட் ஆர்ம், அதாவது மூட்டின் அச்சிலிருந்து தசை இழுக்கும் கோட்டுக்கு உள்ள தூரம், 4 செ.மீ அளவில் வரும். அப்படியென்றால் ஒரு டிகிரி மடக்கினால் தசைப் பாதை 0.7 மி.மீ நீள வேண்டும். 10 டிகிரி மடக்கி நீளத்தைப் பாருங்கள், 7 மி.மீ சுமார் கூடியிருந்தால் சரி. 1 மி.மீதான் கூடியிருக்கிறது என்றால் தசை பட்டெல்லாவைத் தாண்டிப் போகாமல் எலும்பை ஊடுருவிக்கொண்டிருக்கிறது.

சிமுலேஷன் ஊர்கிறது, நின்றுவிடுகிறது

ஊர்ந்தால் பெரும்பாலும் பட்டெல்லாதான் காரணம். அதற்குச் சொந்தமாக நகரும் சுதந்திரமும் மிகச் சிறிய நிறையும் கொடுத்திருப்பீர்கள், அது வெடவெடவென்று அதிர, கணக்கு மைக்ரோ நொடிகளாகத் துண்டுபட்டுவிடும். தொடர்பு விசை உங்கள் ஆய்வின் பொருளாக இல்லாவிட்டால் பட்டெல்லாவின் அசைவை முழங்கால் கோணத்தோடு கட்டிவிடுங்கள், ராஜகோபால் மாதிரியிலும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். மேற்பரப்புத் தொடர்பு வேண்டும் என்றால் மெஷ் எங்கும் ஓட்டையில்லாமல் மூடியிருக்க வேண்டும், ஒவ்வொரு விளிம்பும் சரியாக இரண்டு முக்கோணங்களுக்குப் பொதுவாக இருக்க வேண்டும். முழங்கால் மட்டும் ஸ்கேன் செய்த எலும்பில் வெட்டுப்பட்ட முனை திறந்தே இருக்கும், அதை மூடாமல் ஓட்டினால் உடனே நின்றுவிடும்.

தொடங்கும்போதே நிலைமத்தைப் (சுழற்றும்போது பொருள் காட்டும் எதிர்ப்பு) பற்றிப் புகார் சொல்லி நின்றால், எலும்பு மெஷ்ஷின் கனஅளவிலிருந்து நிறையைக் கணக்கிட்டீர்களா என்று பாருங்கள். அசைவது எலும்பு மட்டுமல்ல, அதைச் சுற்றிய சதையும் சேர்ந்துதான். 70 கிலோ எடையுள்ளவரின் ஒரு தொடை உடல் எடையில் சுமார் 14 சதவீதம், அதாவது 10 கிலோ, முழங்காலுக்குக் கீழே பாதத்தை விட்டுவிட்டு 3 கிலோ சுமார். மூன்று நிலைம எண்களில் எந்த இரண்டைக் கூட்டினாலும் மூன்றாவதுக்குக் குறையக் கூடாது, குறைந்தால் அப்படி ஒரு பொருள் உலகத்தில் இருக்க முடியாது, மென்பொருளும் ஏற்காது. அந்த எண்களை மீட்டர், கிலோவில் எழுதியிருக்கிறீர்களா, மி.மீயில் எழுதிவிட்டீர்களா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மி.மீயில் எழுதியிருந்தால் நிலைமம் பத்து லட்சம் மடங்கு பெரிதாகிவிடும், அப்புறம் எந்தத் தசை எவ்வளவு இழுத்தாலும் கால் அசையாது.